டேவிட் எட்வர்ட் ஹியூஸ்

டேவிட் எட்வர்ட் ஹியூஸ் (மே 16, 1831 - ஜனவரி 22, 1900) பிரித்தானிய - அமெரிக்கக் கண்டுபிடிப்பாளரும் இசைக் கலைஞரும் ஆவார். எழுத்துக்களை நேரடியாக அச்சிடும் தந்திக் கருவி, கரி ஒலிவாங்கி, தூண்டல் தராசு ஆகியவை இவரது முதன்மையான கண்டுபிடிப்புக்கள் ஆகும். மண்ணில் புதைந்த பொன்னைத் தேட இன்று பயன்படும் உலோகங்காட்டி, அதாவது மெட்டல் டிடெக்டர், இவரது தூண்டல் தராசின் வழிவந்ததாகும். ஒரு பொருளின் உலோகத் தன்மையை ஒலியாகக் கேட்டு, அந்த ஒலியை ஓர் எண்ணாக அளக்கும் முறையை 1879 இல் இவர் உருவாக்கினார். அதே ஆய்வின்போது வானொலி அலைகளின் விளைவையும் கண்டார். எனினும் அதன் பொருள் ஏற்கப்படாததால் அக்கண்டுபிடிப்பின் பெருமை இவரைச் சேரவில்லை.

இளமை

ஹியூஸ் வேல்ஸைப் பூர்வீகமாகக் கொண்ட இசைக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே யாழ் வகையைச் சேர்ந்த ஹார்ப் என்னும் கருவியை வாசிப்பதில் தேர்ச்சி பெற்று, உடன்பிறந்தோருடன் மேடைகளில் இசைத்தார். ஏறத்தாழ ஏழு வயதானபோது குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. 1850 அளவில், இருபது வயது நிறையும் முன்பே, கென்டக்கி மாநிலத்தின் பார்ட்ஸ்டவுன் நகரில் இருந்த புனித யோசேப்புக் கல்லூரியில் இசைப் பேராசிரியராகப் பணியேற்றார். பின்னர் அங்கேயே இயற்பியலும் கற்பித்தார்.

இசையும் இயற்பியலும் ஒருங்கே அறிந்திருந்தது இவரது பிற்கால ஆய்வுகள் அனைத்திலும் தெரிகிறது. இவரது கருவிகளில் பெரும்பாலானவை, நுண்ணிய ஒலி வேறுபாடுகளைக் காதால் பிரித்தறியும் பயிற்சியை நம்பியவை.

அச்சிடும் தந்தி

அக்காலத்தில் பரவலாக இருந்த மோர்ஸ் தந்தியில் புள்ளிகளையும் கோடுகளையும் பயிற்சி பெற்ற பணியாளர் எழுத்துக்களாக மாற்ற வேண்டியிருந்தது. ஹியூஸ் 1855 இல் உருவாக்கிய கருவியில் பியானோவை ஒத்த 28 கட்டைகள் இருந்தன. அனுப்பும் நிலையத்திலும் பெறும் நிலையத்திலும் எழுத்துக்கள் பொறித்த சக்கரங்கள் ஒரே வேகத்தில் சுழன்றன. ஒரு கட்டையை அழுத்தினால் உரிய கணத்தில் ஒரேயொரு மின்துடிப்பு சென்று, மறுமுனையில் அதே எழுத்து காகித நாடாவில் அச்சானது. இரு சக்கரங்களும் பிசகாமல் ஒத்துச் சுழல்வதற்கு, அதிரும் உலோக வில்லின் சீரான அதிர்வை ஹியூஸ் பயன்படுத்தினார்.

இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1856 இல் வழங்கப்பட்டது. 1857 இல் இவர் ஐரோப்பா திரும்பினார். பிரித்தானியத் தந்தி நிறுவனங்கள் தொடக்கத்தில் ஆர்வம் காட்டவில்லை. ஆனால் பிரெஞ்சு அரசு சோதனைக்குப் பின் இக்கருவியை ஏற்றுக்கொண்டது. தொடர்ந்து இத்தாலி, புருசியா, உருசியா, ஆஸ்திரியா-ஹங்கேரி உள்ளிட்ட நாடுகளும் இதனை ஏற்றன. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஐரோப்பாவில் இக்கருவி பயன்பாட்டில் இருந்தது. இதனால் ஹியூஸ் பெருஞ்செல்வர் ஆனார். எஞ்சிய வாழ்நாளில் எவரிடமும் ஊதியம் பெறாமல், தம் வீட்டிலேயே ஆய்வுகள் செய்ய இச்செல்வம் வழிவகுத்தது.

கரி ஒலிவாங்கி

1870களின் பிற்பகுதியில் ஹியூஸ் லண்டனில் குடியேறினார். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876 இல் காப்புரிமை பெற்ற தொலைபேசியின் கேட்பானை இவர் ஓர் ஆய்வுக் கருவியாகக் கையாண்டார். மிக மெல்லிய மின்மாற்றத்தையும் அது ஒலியாகக் காட்டியதே அதற்குக் காரணமாகும்.

உறுதியற்ற தொடுகையுள்ள இரு கடத்திகளின் வழியே மின்சாரம் செல்லும்போது, ஒலி அதிர்வுக்கு ஏற்ப அத்தொடுகையின் மின்தடை மாறுகிறது என்பதை ஹியூஸ் கண்டறிந்தார். இரு கரித் துண்டுகளுக்கு இடையில் ஒரு கரிக் குச்சியைத் தளர்வாக நிறுத்தி இவர் செய்த எளிய கருவி, ஈ நடக்கும் ஓசையையும் கேட்கச் செய்தது. 1878 மே மாதத்தில் இதனை லண்டன் அரச கழகத்திற்கு அறிவித்தார். இதற்குக் காப்புரிமை பெறாமல் அனைவரும் பயன்படுத்த விட்டுவிட்டார். கரியைப் பயன்படுத்தித் தனியாகப் பேசுகருவி ஒன்றை உருவாக்கியிருந்த தாமஸ் ஆல்வா எடிசன், தம் கருத்து களவாடப்பட்டதாகக் குற்றம் சாட்டினார். இதனால் இருதரப்பினருக்கும் இடையே கடும் சர்ச்சை எழுந்தது.

தூண்டல் தராசு

1879 மே மாதத்தில் ஹியூஸ் அரச கழகத்தின் முன் தூண்டல் தராசு பற்றிய ஆய்வறிக்கையை அளித்தார. ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் வில்லெம் டோவே இதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே சமன்செய்யப்பட்ட சுருள்களைக் கொண்டு உலோகங்களை ஆராய்ந்திருந்தார். எனினும் ஒலிவாங்கியையும் தொலைபேசியையும் இணைத்ததன் மூலம் ஹியூஸின் கருவி முன்னில்லாத நுட்பத்தைப் பெற்றது.

இதன் அமைப்பு எளிமையானது. ஒரு கடிகாரத்தின் டிக் டிக் ஓசையை ஒலிவாங்கி மின்துடிப்புகளாக மாற்றும். இத்துடிப்புகள் இரண்டு முதன்மைச் சுருள்களின் வழியே செல்லும். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு துணைச் சுருள் உண்டு. இவ்விரு துணைச் சுருள்களும் ஒன்றையொன்று எதிர்க்குமாறு இணைக்கப்பட்டு, தொலைபேசிக் கேட்பானில் முடியும். இரு பக்கமும் சமமாக இருந்தால் தூண்டப்படும் மின்சாரங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடும். கேட்பானில் அமைதி நிலவும். ஒரு பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்தால் சமநிலை குலைந்து, கடிகார ஓசை கேட்கத் தொடங்கும்.

உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டங்களே இதற்குக் காரணமாகும். மாறும் காந்தப்புலம் உலோகத்தினுள் வட்டமிடும் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அவை உண்டாக்கும் எதிர்க் காந்தப்புலம் அந்தப் பக்கத்துத் தூண்டலைக் குறைக்கிறது. இரும்பு இதில் மாறுபட்டது. அதில் சுழல் மின்னோட்டம் எழுவதுடன், அது காந்தமாவதால் தூண்டல் கூடவும் செய்கிறது. ஆகவே இரும்பின் விளைவு எதிரெதிரான இரு விளைவுகளின் கூட்டாக அமைகிறது.

ஒரே வகையைச் சேர்ந்த இரு நாணயங்களை இருபுறமும் வைத்தால் மீண்டும் அமைதி ஏற்படும். ஆனால் ஒன்று தேய்ந்திருந்தாலோ, கையில் தேய்த்துச் சற்றே சூடாக்கப்பட்டிருந்தாலோ, ஓசை கேட்கும். கள்ள நாணயம் உடனே வெளிப்பட்டுவிடும். லண்டன் அரச நாணயச்சாலையின் வேதியியலாளரான வில்லியம் சாண்ட்லர் ராபர்ட்ஸ் இக்கருவியைக் கொண்டு உலோகக் கலவைகளை ஆராய்ந்தார்.

ஒலியிலிருந்து எண்ணுக்கு

ஓசை கேட்கிறதா இல்லையா என்பது மட்டும் அறிவியலுக்குப் போதுமானதன்று. எனவே ஹியூஸ் சோனோமீட்டர் என்னும் துணைக் கருவியையும் அமைத்தார். பள்ளி ஆய்வகங்களில் கம்பியின் அதிர்வை அளக்கப் பயன்படும் சுரமானியிலிருந்து இது வேறானது. அளவுகோல் ஒன்றின் இரு முனைகளிலும் இரு சுருள்கள் எதிரெதிராக நிலைநிறுத்தப்பட்டிருக்கும். அவற்றுக்கிடையே மூன்றாவது சுருள் நகரும். இடையில் ஓரிடத்தில் ஒலி முற்றிலும் மறையும். அதுவே சுழி. அங்கிருந்து விலக விலக ஒலி கூடும். தராசின் ஒலியையும் சோனோமீட்டரின் ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்டு, இரண்டும் சமமாகத் தோன்றும் இடத்திலுள்ள எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரே அளவும் வடிவமும் கொண்ட பல உலோக வில்லைகளை ஹியூஸ் இவ்வாறு வரிசைப்படுத்தினார். வெள்ளியும் பொன்னும் பட்டியலின் மேற்பகுதியிலும், ஈயமும் பிஸ்மத்தும் கீழ்ப்பகுதியிலும் இடம்பெற்றன. வில்லைகள் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை இங்கு முக்கியமானது. அளவு மாறினால் எண்ணும் மாறிவிடும்.

மருத்துவர் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் இதே சோனோமீட்டரை மனிதரின் கேட்கும் திறனை அளக்கப் பயன்படுத்தினார். இன்றைய செவித்திறன் சோதனைக் கருவிகளின் முன்னோடிகளுள் இதுவும் ஒன்றாகும்.

கார்பீல்டும் தோட்டாவும்

தூண்டல் தராசு உலகறியப் பேசப்பட்டது 1881 இல் ஆகும். அவ்வாண்டு ஜூலை 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்பீல்ட் வாஷிங்டன் தொடருந்து நிலையத்தில் சுடப்பட்டார். ஒரு தோட்டா உடலினுள் தங்கிவிட்டது. எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்படுவதற்கு 14 ஆண்டுகள் முன்பு நடந்த நிகழ்வு இது. தோட்டா எங்கே உள்ளது என்று அறிய மருத்துவர்களுக்கு வழி இருக்கவில்லை.

கிரகாம் பெல், தூண்டல் தராசைத் திருத்தியமைத்து, உடலைத் தொடாமலேயே ஈயத் தோட்டாவைக் கண்டறியும் கருவி ஒன்றைச் செய்தார். ஜூலை 26 அன்று நடந்த முதல் முயற்சி கருவியின் பிழையான இணைப்பால் பயனளிக்கவில்லை. ஆகஸ்ட் 1 அன்று நடந்த இரண்டாம் முயற்சியில் மெல்லிய ஒலி கேட்டது. ஆனால் அது ஓரிடத்தில் குவியாமல் பரந்த பகுதி முழுவதும் கேட்டது. கார்பீல்டின் படுக்கையில் எஃகுக் கம்பிகளாலான மெத்தை இருந்தது பின்னர் தெரியவந்தது. மேலும், தோட்டா வலப்புறம் இருப்பதாக மருத்துவர்கள் நம்பியதால் தேடலும் அப்பக்கமே நடந்தது. செப்டம்பர் 19 அன்று கார்பீல்ட் இறந்தார். பிணப் பரிசோதனையில் தோட்டா முதுகெலும்பின் இடப்புறம் இருந்தது கண்டறியப்பட்டது.

கருவி ஒலித்தது உண்மை. ஒலித்ததன் காரணம் தான் தவறாக அறியப்பட்டது. உலோகங்காட்டிகளின் வரலாற்றில் இன்றுவரை தொடரும் இச்சிக்கலுக்கு இந்நிகழ்வே மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

பொன் தேடலில் இதன் தொடர்ச்சி

20 ஆம் நூற்றாண்டில் வெற்றிடக் குழல்களும் பின்னர் திரிதடையங்களும் வந்தபின், தூண்டல் தராசு கையில் ஏந்திச் செல்லும் கருவியாக மாறியது. கடிகாரத்தின் இடத்தை அலையியற்றியும் சோனோமீட்டரின் இடத்தை எண்காட்டியும் பிடித்தன. சமன்செய்யப்பட்ட சுருள்கள் என்னும் அடிப்படை மட்டும் மாறவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிங்கோவர் அருகே 1980 இல் ஏறத்தாழ 27 கிலோ எடையுள்ள பொற்கட்டி ஒன்று உலோகங்காட்டியின் உதவியால் கண்டெடுக்கப்பட்டது.

இக்கருவிகள் காட்டும் எண் பொருளின் பெயரன்று. அனுப்பப்படும் அலைக்கும் பொருளிலிருந்து திரும்பும் அலைக்கும் இடையிலான கட்ட வேறுபாட்டையே அது குறிக்கிறது. இது உலோகத்தின் கடத்துத்திறனை மட்டுமன்றி அதன் அளவு, தடிப்பு, வடிவம் ஆகியவற்றையும் சார்ந்தது. பொன்னின் கடத்துத்திறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஆகும். எனவே ஹியூஸின் வில்லைகளைப் போல் சம அளவில் ஒப்பிட்டால் பொன் உயர்ந்த எண்ணைத் தரும். ஆனால் ஆற்றுப்படுகையில் கிடைக்கும் அரிசியளவு பொன்மணியில் சுழல் மின்னோட்டம் மிக விரைவில் அடங்கிவிடும். ஆகவே அது தாழ்ந்த எண்ணையே தரும். அலுமினியத் தாள், பானக் குப்பிகளின் இழுவளையம், ஈயக் குண்டு ஆகியவையும் இதே எல்லைக்குள் விழும். இவற்றை வேண்டாதவை என ஒதுக்குமாறு கருவியை அமைத்தால் பொன்னும் சேர்ந்தே ஒதுக்கப்பட்டுவிடும்.

இயற்கையில் கிடைக்கும் பொன் பெரும்பாலும் வெள்ளி கலந்தது. இரண்டும் தனித்தனியே நல்ல கடத்திகள் என்றாலும், அவற்றின் கலவை இரண்டையும்விடக் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும். இதுவும் எண்ணைத் தாழ்த்தும் ஒரு காரணமாகும்.

மண்ணும் தன் பங்குக்குக் குறுக்கிடுகிறது. பொன் கிடைக்கும் நிலங்களில் மாக்னட்டைட்டு போன்ற இரும்புக் கனிமங்கள் மிகுதி. இவை ஆழத்திலுள்ள சிறிய பொற்கட்டியின் அளவீட்டை இரும்பின் பக்கம் இழுத்துவிடும். இரும்புக் கனிமம் செறிந்த சில கற்கள் தாமே உலோகம் போல ஒலிக்கும். இதனால் தேடுவோர் முதலில் நிலத்திற்கேற்பக் கருவியைச் சமன்செய்கின்றனர். ஒலி கேட்டபின் ஒரே எண்ணை நம்பாமல், கீழ்க்கண்டவாறு சரிபார்க்கின்றனர்.

* சுருளை இரு திசைகளில் குறுக்கும் நெடுக்குமாக வீசி, எண் நிலையாக உள்ளதா எனப் பார்த்தல். நீண்ட இரும்பு ஆணி திசைக்கேற்ப மாறி ஒலிக்கும்.
* சுருளைச் சற்று உயர்த்திக் கேட்டல். சிறிய பொருளின் ஒலி விரைவில் மறையும். பெரிய பொருளின் ஒலி மெல்லக் குறையும்.
* மேல்மண்ணைச் சிறிது அகற்றி மீண்டும் கேட்டல். உலோகத்தின் ஒலி வலுக்கும் அல்லது தெளியும். மண்ணால் எழுந்த ஒலி கலைந்துவிடும்.

அதிர்வெண்ணும் முக்கியமானது. 40 கிலோ ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட அதிர்வெண்கள் சிறிய பொன்மணிகளை நன்கு காட்டும். ஆனால் கனிமம் செறிந்த மண்ணின் குறுக்கீடும் அவற்றில் மிகும். துடிப்புத் தூண்டல் வகைக் கருவிகள் மின்துடிப்பை நிறுத்தியபின் சுழல் மின்னோட்டம் அடங்கும் நேரத்தைக் கவனிப்பவை. ஆஸ்திரேலியப் பொன்வயல்களின் இரும்பு மிகுந்த மண்ணில் இவை ஆழமாகத் தேட வல்லவை. ஆயினும் இரும்பையும் பொன்னையும் பிரித்துக் கூறும் திறன் இவற்றில் குறைவு. எந்த வகையாயினும், ஐயத்திற்குரிய ஒலியைத் தோண்டிப் பார்ப்பதே இறுதிச் சான்றாகும்.

தவறவிட்ட வானொலி

தூண்டல் தராசில் பணியாற்றியபோது 1879 இல் ஹியூஸ் எதிர்பாராத ஒன்றைக் கவனித்தார். தராசின் சுற்றில் ஓரிடத்தில் இணைப்பு தளர்ந்திருந்தது. தராசுடன் இணைக்கப்படாமல் சற்றுத் தொலைவில் இருந்த ஒலிவாங்கிச் சுற்றின் கேட்பானிலும் ஒலி கேட்டது. கம்பி எதுவும் இல்லாமல் ஒலி வந்தது எவ்வாறு என ஆராயத் தொடங்கினார். கடிகார இயக்கத்தால் மின்சுற்றைத் தொடர்ந்து துண்டிக்கும் கருவி ஒன்றை வீட்டில் இயங்கவிட்டு, கேட்பானைக் காதில் வைத்தபடி லண்டன் கிரேட் போர்ட்லண்ட் தெருவில் நடந்தார். ஏறத்தாழ 500 கஜம், அதாவது 450 மீட்டர் தொலைவு வரை ஒலியைத் தொடர முடிந்தது. ஒலியைக் கண்டறிய இவர் பயன்படுத்தியது எஃகும் கரியும் மெல்லத் தொடும் ஓர் இணைப்பாகும்.

பிப்ரவரி 20, 1880 அன்று அரச கழகத் தலைவர் வில்லியம் ஸ்பாட்டிஸ்வூட், தாமஸ் ஹக்ஸ்லி, ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் ஆகியோர் ஹியூஸின் வீட்டிற்கு வந்து சோதனைகளைக் கண்டனர். இவை அனைத்தும் ஏற்கனவே அறியப்பட்ட மின்தூண்டலால் விளைந்தவையே எனக் கணித மேதையான ஸ்டோக்ஸ் கருதினார். மின்காந்த அலைகள் காற்றில் பரவும் என ஜேம்ஸ் கிளார்க் மாக்சுவெல் கோட்பாட்டளவில் முன்பே கூறியிருந்தார். ஆயினும் தம் விளைவுக்கு அதுவே காரணம் என்று நிறுவும் சான்று ஹியூஸிடம் இல்லை. மனம் தளர்ந்த இவர் முடிவுகளை வெளியிடவில்லை.

1887-88 இல் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை உண்டாக்கி, அவற்றின் அலைநீளத்தை அளந்து, அவை ஒளியைப் போலவே எதிரொளிப்பதையும் காட்டினார். ஹியூஸ் கேட்டது ஒலியை மட்டுமே. ஹெர்ட்ஸ் அதே வகை விளைவு வேறெந்தக் காரணத்தாலும் எழ முடியாது என்பதை அளவீட்டால் மெய்ப்பித்தார். ஹியூஸின் சோதனைகள் 1899 இல் ஜான் ஜோசப் பாகி எழுதிய கம்பியில்லாத் தந்தி வரலாற்று நூலின் மூலமே பரவலாக அறியப்பட்டன. அவற்றை உறுதிசெய்யும் குறிப்பேடுகள் 1922 இல் கண்டெடுக்கப்பட்டன.

பிற்கால ஆய்வுகளும் சிறப்புகளும்

ஹியூஸ் 1880 இல் அரச கழக உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்க ஓவியரான அன்னா சாட்போர்ன் என்பவரை மணந்தார். 1880களில் இரும்பு, எஃகு ஆகியவற்றின் காந்தத் தன்மையை ஆராய்ந்தார். 1885 இல் அரச கழகத்தின் அரச பதக்கத்தைப் பெற்றார். 1886 இல் தந்திப் பொறியாளர் கழகத்தின் தலைவராக ஆற்றிய உரையில், விரைந்து மாறும் மின்னோட்டம் கடத்தியின் மேற்பரப்பை ஒட்டியே செல்கிறது என்பதற்கான சோதனைச் சான்றுகளை அளித்தார். இன்று தோல் விளைவு என அழைக்கப்படும் இதன் கோட்பாட்டை ஆலிவர் ஹெவிசைட் முன்பே கணித்திருந்தார்.

மறைவும் நினைவும்

ஹியூஸ் ஜனவரி 22, 1900 அன்று லண்டனில் காலமானார். ஹைகேட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். தம் செல்வத்தின் பெரும்பகுதியை லண்டனின் நான்கு மருத்துவமனைகளுக்கு எழுதிவைத்தார்.

அரச கழகத்திற்கு இவர் அளித்த நிதியிலிருந்து ஹியூஸ் பதக்கம் நிறுவப்பட்டது. 1902 இல் முதற்பதக்கம் எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சனுக்கு வழங்கப்பட்டது. தூண்டல் தராசுக்குக் காதாக அமைந்த தொலைபேசிக் கேட்பானை உருவாக்கிய கிரகாம் பெல் 1913 இல் இதைப் பெற்றார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930 இல் இப்பதக்கத்தைப் பெற்றார். அதே ஆண்டில் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தது.